ஆனைக்கசத்துல ஒம்பதாவது முழுக்கு

கிதிர் முகம்மதுக்கு வலிப்பு வருதுன்னு அவன் வீட்டுக்கு வெளிய அப்போ தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். அதையும் அவனா சொல்லலை. என் கடையில வச்சு, என் கண்ணு முன்னாலதான் மொதல் தடவை வந்துச்சு.

அறுபத்தொண்ணாம் வருஷம், பங்குனி பொறந்த சமயம். தென்காசிக் கோயிலுக்குக் கெழக்க எனக்குத் தையல்கடை. நோம்புப் பெருநாளுக்கு நாலஞ்சு நாள்தான் இருக்கு, கடையில துணி குமிஞ்சு கெடக்கு. பெருநாள் சட்டை வாங்க வந்த கிதிரு, பித்தான் வச்சு முடியட்டும்னு ஸ்டூல்ல உக்காந்து பேசிக்கிட்டு இருந்தான். திடீர்னு பேச்சு நின்னுட்டு. திரும்பிப் பாத்தா ஒரு பக்கமா சரியுதான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது, வாயில நுரை. நான் ஓடிப்போய் கடைக் கதவைச் சாத்திட்டு, சாவிக்கொத்தை அவன் உள்ளங்கையில திணிச்சுப் பிடிச்சுக்கிட்டேன். ரெண்டு மூணு நிமிஷம் இருக்கும். பெறவு அசந்து கெடந்தான். முழிச்சதும் என் பேரு கூட அவனுக்குச் சட்டுன்னு வரலை.

"நோம்பு மயக்கம்லே, வல்லி"ன்னான். நானும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்.

நோம்பு முடிஞ்ச பெறவும் வீட்டுல வச்சு ரெண்டு தடவை வந்துட்டு. அவன் சம்சாரம் ஹைருன் பீவி என்னைக் கூப்பிட்டு விட்டா. "அண்ணாச்சி, எப்படியாவது வெளியூர்ல கொண்டு காட்டுங்க. இங்கன காட்டினா நாளைக்கே பஜார் பூரா பேச்சாயிரும்"னு அழுதா. நான் அவனைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கன ஒரு பெரிய டாக்டரு. எல்லாம் பாத்துட்டு, வெள்ளை மாத்திரை எழுதிக் குடுத்தாரு. தினம் ராத்திரி ஒண்ணு, ஒரு நாள் கூட விடக்கூடாது, நிறுத்தணும்னாலும் என்னைக் கேக்காம நிறுத்தக்கூடாதுன்னாரு. இன்னொண்ணும் சொன்னாரு. அடுப்புப் பக்கம் போகக்கூடாது, உயரத்துல ஏறக்கூடாது, ஆறு குளம் கெணறு எதுலயும் எறங்கக்கூடாது, வாளியில மோந்து ஊத்தித்தான் குளிக்கணும். இதை அவர் கிதிரைப் பாத்துச் சொல்லலை. என்னைப் பாத்துத்தான் சொன்னாரு. நான் தலையாட்டினேன்.

கிதிருக்கு நாலு தறி. அவன் நெய்யுத கைலிச் சாரமும் துண்டும் செங்கோட்டை தாண்டி மலையாளத்துக்குப் போகும். வசதின்னு சொல்ல முடியாது, கஷ்டம்னும் சொல்ல முடியாது. ஒரே மக, ஷமீம் பானு. அந்தப் புள்ளைக்குத்தான் அப்போ கடையநல்லூர்ல பேசிக்கிட்டு இருந்தாங்க. ஜவுளிக்கடை சேக் மைதீன் மகன் முகம்மது மீரான். தங்கமான பையன். அவனைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை யாரும் சொன்னதில்லை.

வலிப்புங்கிறது எங்க பக்கம் எப்படின்னா, வந்த ஆளோட நிக்காது. அவன் ரத்தத்துல இருக்கு, புள்ளைக்கும் வரும், பேரனுக்கும் வரும்னு சொல்லிருவாங்க. அந்த வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டாங்க. ஷமீம் பானுக்கு ஒரு தலைவலி கூட வந்ததில்லை. ஆனா அதை யாருட்ட போய்ச் சொல்ல. கிதிரு எங்கிட்டக் கையைப் பிடிச்சுச் சொன்னான்: "நிக்காஹ் முடியுத வரைக்கும் போதும். அதுக்குப் பெறவு நான் ரோட்டுல விழுந்து கெடந்தாலும் கவலையில்லை."

எங்க கூட்டத்துல இன்னொருத்தன் உண்டு, ராமசேஷன். பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு. நாங்க மூணு பேரும் அஞ்சாம் ஃபாரம் வரைக்கும் ஒரே பெஞ்சு. சித்தாத்துல ஒண்ணா நீச்சல் படிச்சவங்க. மாப்பிள்ளைப் பையன் அவன்ட்ட படிச்சவன். அதனால சேக் மைதீன் சித்திரை மாசம் பள்ளிக்கூடத்துக்கே வந்து சேஷன்ட்ட கேட்டிருக்காரு. "சார், நீங்க அவுக கூட்டாளி. குடும்பத்துல ஒளிவு மறைவு எதும் உண்டா"ன்னு. அன்னைக்குச் சாயந்தரம் சேஷன் என் கடையில வந்து உக்காந்து பெருமையாச் சொல்லுதான்: "நான் பொறுப்புன்னு சொல்லிட்டேன்டா. கிதிரு வீட்டுல என்ன இருக்கு ஒளிக்கிறதுக்கு."

நான் மெஷின்ல இருந்து தலையைத் தூக்கலை.

வைகாசி கடைசியில நிச்சயம் ஆச்சு. மொஹரமும் சபரும் கழியட்டும், ஆவணியில நிக்காஹ் வச்சுக்கிடலாம்னு பேசி முடிச்சாங்க. நடுவுல ரெண்டரை மாசம். அந்த ரெண்டரை மாசத்துல எங்கயும் விழாம இருக்கணும். அதுதான் கிதிருக்கு இருந்த ஒரே சோலி.

மாத்திரை சாப்பிட்டா வலிப்பு வரலை. ஆனா தூக்கம் தூக்கமா வந்துச்சு. தறியில உக்காந்தா தலை தொங்கிருது. "என்ன சாயபு, புது மாப்பிள்ளை நீரா உம்ம மருமகனா"ன்னு தறிக்காரங்க கேலி பண்ணுதாங்க. இவனுக்கு ஒரே பயம். இப்படியே போனா மாத்திரையே காட்டிக் குடுத்துரும்னு.

அப்போதான் சாரல் ஆரம்பிச்சுது. குத்தாலத்துல எண்ணெய் தேச்சு விடுத குற்றாலிங்கம்னு ஒருத்தரு. அவர்ட்ட இவன் யாருக்கோ கேக்குத மாதிரி கேட்டிருக்கான். அவர் சொல்லிட்டாரு: "வலிப்பு சூட்டுனால வாரது. கோட்டி பிடிச்ச பைத்தியக்காரனே நம்ம அருவியில நின்னு தெளிஞ்சு போகுதான், இது என்ன பெருசு. பன்னெண்டு முழுக்கு, புதன் சனி எண்ணெய் தேச்சு முங்கச் சொல்லு. ஆனா இங்கிலீஷ் மாத்திரை சூடு. அதைத் தின்னுக்கிட்டே குளிச்சா தண்ணி வேலை செய்யாது."

எங்க ஊர்ல இதைக் கேட்டுச் சிரிக்க ஆளு கெடையாது. நான் சின்ன வயசுல இருந்து பாத்திருக்கேன், சங்கிலி போட்டுக் கூட்டிட்டு வந்தவங்களை அருவியில நிறுத்துததை. மூலிகைக் காட்டுக்குள்ள பூந்து வார தண்ணி, அதுல என்னவோ இருக்குன்னு எனக்கும் நம்பிக்கைதான். இன்னைக்கு வரைக்கும் அந்த நம்பிக்கை முழுசாப் போகலை. அதையும் சொல்லிருதேன்.

பேரருவியிலயோ ஐந்தருவியிலயோ குளிக்க முடியாது. சீசன்ல தென்காசி, கடையநல்லூர் பூரா அங்கனதான் நிக்கும். சேக் மைதீனே வந்தாலும் வருவாரு. அதனால கிதிரு மேல போகணும்னான். செண்பகாதேவிக்கு மேல, தேனருவிக்குப் போற வழியில இருந்து பிரிஞ்சு போனா ஒரு இடம் உண்டு. மலையில ஆழமாத் தண்ணி கெடக்க குழியை நாங்க கசம்னு சொல்லுவோம். அதுக்கு ஆனைக்கசம்னு பேரு. மூணு பக்கம் கரும்பாறை, ஒரு பக்கம் சின்ன அருவி விழும், எதிர்ப்பக்கம் பாறை ஓரமா வழிஞ்சு கீழ போகும். ஒரு சின்னக் குளம் அளவுக்கு இருக்கும். எங்க மூணு பேருக்கும் அது பதினாறு வயசுல இருந்து பழக்கம். வருஷம் ஒரு தடவையாவது போவோம். சாரல் நேரத்துல அங்கன ஆளு அரவமே இருக்காது.

"டாக்டரு தண்ணியில எறங்கக்கூடாதுன்னாருலா"ன்னு நான் கேட்டேன்.

"அவரு பாளையங்கோட்டைத் தண்ணியைச் சொன்னாருலே. அவருக்குக் குத்தாலத்தைப் பத்தி என்ன தெரியும்."

"மாத்திரை?"

"நிறுத்தி மூணு நாள் ஆச்சு. பாரு, எப்படித் தெளிவா இருக்கேன்."

நெசமாவே தெளிவாத்தான் இருந்தான். பழைய கிதிரு மாதிரி வாய் பேசுதான், தறியில வேகமா நெய்யுதான். நான் என்ன செஞ்சேன்னா, சரி, நம்ம கூடப் போனா பாத்துக்கிடலாம்னு நெனச்சேன். புதன்கிழமை நானும் அவனும். சனிக்கிழமை பள்ளிக்கூடம் லீவு, சேஷனும் வருவான். சேஷன்ட்ட என்ன சொல்லன்னு கேட்டதுக்கு, "மூட்டுவலின்னு சொல்லு. அவனுக்குத் தெரிஞ்சா அவன் வாத்தியாரு புத்திக்கு நேரே கடையநல்லூருக்கு நடந்தே போயிருவான்"னான் கிதிரு.

அப்படித்தான் ஆனி மாசம் ஒரு சனிக்கிழமை மொத முழுக்கு ஆரம்பிச்சுது.

விடியுறதுக்குள்ள சைக்கிள்ல மேலகரம் தாண்டி, குத்தாலத்துல ஒரு கடையில சைக்கிளைப் போட்டுட்டு ஏறுவோம். காலெல்லாம் அட்டை ஏறும். அதுக்குப் புகையிலைத் தண்ணி நனைச்ச துணியைக் கணுக்கால்ல சுத்திக்கிடுவோம். மேல போனதும் கிதிரு பாறையில உக்காந்து தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் நல்லெண்ணெய் தேப்பான். அரை மணி நேரம் ஊறணும். அந்தச் சாரல் காத்துல எண்ணெயோட உக்காந்து நடுங்குவான்.

"என்னடா இது, வாணலியில போடப்போற பஜ்ஜி மாதிரி பளபளன்னு இருக்கே"ம்பான் சேஷன்.

"உனக்கென்ன ஐயரே, உடம்புல சதையே கெடையாது, மூட்டு எங்கன இருக்குன்னு உனக்கே தெரியாது."

"நாப்பத்திரெண்டு வயசுல மூட்டுவலி வந்தவன் பேசுறான் பாரு. மருமகன் வந்து உன்னைத் தூக்கிண்டு போகணும்."

தண்ணி எப்படி இருக்கும்னா, கால் வச்ச ஒடனே எலும்புக்குள்ள வலிக்கும். முங்கினா மூச்சு நெஞ்சுல நின்னுரும். பல்லு கிட்டிக்கும். ஒரு நிமிஷம் தாங்கிட்டா பெறவு உடம்பு பூரா தீ வச்ச மாதிரி ஒரு சூடு வரும். அந்தச் சூட்டுக்காகத்தான் நாங்க அவ்வளவு தூரம் ஏறி வாரது. நாப்பது வயசு தாண்டின மூணு பேரும் அங்கன போனா சின்னப் பயலுவளாயிருவோம். எங்களுக்குள்ள ஒரு போட்டி உண்டு, சித்தாத்துல விளையாடினது. பொண விளையாட்டும்போம். கவுந்து, முகத்தைத் தண்ணிக்குள்ள வச்சு, கையையும் காலையும் விட்டுட்டுப் பொணமா மிதக்கணும். மத்தவன் எண்ணணும். கிதிருதான் எப்பவும் ஜெயிப்பான். நூறு தாண்டிருவான்.

எட்டு முழுக்கு நல்லாவே போச்சு. ஒரு தடவை கூட வலிப்பு வரலை. ஹைருன் பீவிக்கு நாங்க மேல போறது தெரியாது. பேரருவியில குளிச்சுட்டு வாரதா நெனச்சுக்கிட்டு இருந்தா. "தண்ணி ராசிதான் அண்ணாச்சி"ன்னு சொன்னா. எனக்கும் நெஞ்சுல இருந்த பாரம் கொஞ்சம் எறங்கியிருந்துச்சு.

ஒம்பதாவது முழுக்கு, ஆடி மாசம் சனிக்கிழமை. ராத்திரி பூரா மலையில மழை. தண்ணி கொஞ்சம் கூடுதலா வருது, பாறை ஓரமா வழியுத சத்தம் பெருசா இருக்கு. கிதிரு அன்னைக்குச் சரியாத் தூங்கலைன்னான். தறிக்கூடத்துல கல்யாண வேலை, சுண்ணாம்பு அடிச்சிருக்கான். கண்ணு செவந்திருந்துச்சு. இன்னைக்கு வேண்டாம்னு நான் சொல்லியிருக்கலாம். சொல்லலை. ஒரு முழுக்கு விட்டா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும்னு அவன் சொல்லிக்கிட்டு இருந்தான்.

அவனும் சேஷனும் மொதல்ல எறங்கினாங்க. என் தொடையில ஒரு அட்டை ஏறியிருந்துச்சு. நான் பாறைக்குப் பின்னால உக்காந்து அதைப் பிச்சுக்கிட்டு இருந்தேன். சேஷன் ஏறி வந்து கரையில உக்காந்து துவட்டுதது கேக்குது. பெறவு அவன் குரல்.

"பத்து. பதினொண்ணு. பன்னெண்டு."

கிதிரு பொண விளையாட்டு ஆரம்பிச்சுட்டான்னு நெனச்சேன். அட்டை பிச்ச எடத்துல ரத்தம் நிக்காம வருது, அதுல சுண்ணாம்பு தடவினேன்.

"இருவத்தஞ்சு. இருவத்தாறு. டேய், கையை ஆட்டாதேடா, கள்ள ஆட்டம். பொணம் எங்கயாவது கையை ஆட்டுமா. இருவத்தேழு."

எந்திரிச்சுப் பாத்தேன். கிதிரு கவுந்து கெடக்கான். கை ரெண்டும் வெட்டி வெட்டி இழுத்துட்டு நின்னுபோச்சு. தண்ணி அவனை மெதுவா வழியுத பக்கமா தள்ளிக்கிட்டுப் போகுது. சேஷன் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே எண்ணுதான்.

"எண்ணாதலே, அவனுக்கு வலிப்பு"ன்னு கத்திக்கிட்டே குதிச்சேன்.

நீந்திப்போய் தோளைப் பிடிச்சேன். வழுக்கிட்டு. கையைப் பிடிச்சேன். மீனு மாதிரி நழுவுது. உடம்பு பூரா அரை மணி நேரம் ஊறின எண்ணெய். தலையில பிடிக்கலாம்னா மொட்டைத் தலை. இடுப்புத் துண்டைப் பிடிச்சு இழுத்தேன், அது மட்டும் என் கையோட வந்துட்டு. மூஞ்சியை மேல திருப்புதேன், மறுபடி கவுருது. தண்ணி வழியுத பாறை பத்தடி தூரத்துல இருக்கு. அதைத் தாண்டினா அறுபது அடி கீழ. எனக்கு விரலெல்லாம் மரத்துப் போச்சு. ஒரு நேரம், சொல்லணும்லா, ஒரு நேரம் நான் அவனை விட்டுட்டு என்னைப் பாத்துக்கிட்டேன். பாறையைப் பிடிச்சேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. ரெண்டு எண்ணுத நேரம் இருக்கும்.

சேஷன்தான் காப்பாத்தினான். கரையில கெடந்த தன் எட்டு முழ வேட்டியை எடுத்துக்கிட்டுக் குதிச்சான். கிதிரோட அக்குளுக்குள்ள கொடுத்து மாரைச் சுத்திக் கட்டி, ஒரு முனையை எங்கிட்டத் தந்தான். ரெண்டு பேருமா இழுத்துக் கரையில போட்டோம். மூஞ்சி நீலம் பாரிச்சிருக்கு. மூச்சு இல்லை. சேஷன் அவனைக் கவுத்துப் போட்டு முதுகுல ஏறி உக்காந்து அமுக்குதான். அமுக்க அமுக்கத் தண்ணி வருது. நான் உள்ளங்காலைத் தேய்க்கேன். எவ்வளவு நேரம்னு இப்பவும் சொல்ல முடியலை. கடைசியில இருமினான். இருமிட்டு வாந்தி எடுத்தான். பெறவு மூச்சு வந்துச்சு.

சேஷன் பாறையில உக்காந்தான். இடுப்புல ஈரக் கோவணம், தோள்ல பூணூலு, உடம்பு நடுங்குது.

"எத்தனை நாளா"ன்னான்.

"பங்குனியில இருந்து."

"உனக்கு எப்போ இருந்து தெரியும்?"

"என் கடையில வச்சுத்தான் மொதல்ல வந்துச்சு."

"டாக்டர்ட்ட காட்டினேளா?"

"பாளையங்கோட்டையில."

"தண்ணியில எறங்கலாம்னு சொன்னாரா?"

நான் கிதிரு காலைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தேன்.

"கேக்குறேன்லாடா. எறங்கலாம்னு சொன்னாரா?"

"வேண்டாம்னாரு."

சேஷன் என்னையே பாத்தான். "இருவத்தேழு வரைக்கும் எண்ணினேன்டா. என் கூட்டாளி சாகுறான், நான் உக்காந்து எண்ணிண்டு இருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஒண்ணுலேயே குதிச்சிருப்பேன்."

கிதிரு அதுக்குள்ள கண்ணு முழிச்சிருந்தான். என்ன நடந்துச்சுன்னு அவனுக்குத் தெரியலை. எங்க மூஞ்சியைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டான். "சேஷா, புள்ளை கல்யாணம்"னு மட்டும் சொன்னான்.

"புள்ளை கல்யாணத்துக்கு நான் பொறுப்புன்னு வார்த்தை குடுத்திருக்கேன். அதுவும் உனக்குத் தெரியும், இவனுக்கும் தெரியும்"னான் சேஷன். "உன் வியாதியை நான் போய் அவாட்ட சொல்ல மாட்டேன். அது என் வேலையில்லை. ஆனா புதன்கிழமைக்குள்ள நீங்க போய்ச் சொல்லலைன்னா, வியாழக்கிழமை நான் போய் என் வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கறேன்னு சொல்லிடுவேன். ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாதும்பேன்."

ரெண்டு பேரு தோள்லயும் கையைப் போட்டுத்தான் கிதிரு எறங்கினான். கீழ வந்ததும் சேஷன் தன் சைக்கிளை எடுத்துக்கிட்டுத் தனியாப் போயிட்டான்.

வீட்டுல ஹைருன் பீவிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவ என்னைத் திட்டலை. "மாத்திரை எங்க"ன்னு அவன்ட்ட கேட்டா. அவன் கூரை இடுக்குல சொருகி வச்சிருந்ததைக் காட்டினான். எடுத்து அவ கையாலேயே ஒண்ணைக் குடுத்தா. குடுத்துட்டு எங்கிட்டத் திரும்பி, "அண்ணாச்சி, கடையநல்லூருக்கு நீங்களும் கூடப் போங்க. அவுக தனியாப் போனா சொல்லாமத் திரும்பி வந்துருவாக"ன்னா.

செவ்வாய்க்கிழமை பஸ் ஏறினோம். கிதிரு வெள்ளைச் சட்டை, தொப்பி. கையில ஒரு பொட்டலம் கூட எடுத்துக்கிடலை. பஸ்ல அவன் ஒரே ஒரு தடவைதான் வாயைத் தொறந்தான். "எப்படிலே ஆரம்பிக்க"ன்னான்.

சேக் மைதீன் எங்களைப் பாத்ததும் சந்தோஷமா எந்திரிச்சு வந்தாரு. "வாங்க சம்மந்தி, சொல்லி அனுப்பியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேன்லா." சர்பத் வந்துச்சு. கிதிரு அதைக் கையில வச்சுக்கிட்டே சொன்னான். சுத்தி வளைக்கலை. எனக்கு வலிப்பு இருக்கு, பங்குனியில இருந்து இருக்கு, மறைச்சுட்டேன், சனிக்கிழமை தண்ணியில செத்திருப்பேன். அவ்வளவுதான்.

சேக் மைதீன் நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டாரு.

"வீட்டுல வேற யாருக்கும் உண்டா?"

"இல்லை. எங்க வாப்பாவுக்கும் இல்லை, தம்பி மசூதுக்கும் இல்லை."

"புள்ளைக்கு?"

"அல்லா அறிய இல்லை."

"வாத்தியாருக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவனையும்தான் ஏமாத்தினோம்"னு நான் சொன்னேன். அந்த ஒண்ணையாவது நான் சொல்லணும்னு இருந்துச்சு.

அவர் உள்ள போனாரு. திரைக்கு அந்தப் பக்கம் அவர் சம்சாரம் சைதூன் பீவி குரல் கேக்குது. மொதல்ல அழுகை, பெறவு சண்டை மாதிரி, பெறவு சத்தமே இல்லை. மவன் முகம்மது மீரான் நடுவுல ஏதோ சொன்னான், அது எங்களுக்குத் தெளிவாக் கேக்கலை. அரை மணி நேரம் ஆச்சு. சர்பத்துல ஈ விழுந்து கெடந்துச்சு.

வெளிய வந்து சேக் மைதீன் எங்க எதிர்க்க உக்காந்தாரு. "சம்மந்தி, பையன் அந்தப் புள்ளைதான்னு சொல்லுதான். நாங்க நிக்காஹை நிறுத்தலை. ஆனா ஒண்ணு. சபையில ஊரே உக்காந்திருக்கும். அந்த நேரத்துல உங்களுக்கு வந்துட்டா, நாளைக்கு எங்க வீட்டுல பொறக்குத புள்ளைய வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாங்க. அதனால உங்க தம்பி மசூது உங்களுக்குப் பதிலா வக்கீலா உக்காந்து நிக்காஹை முடிச்சுக் குடுக்கட்டும். நீங்க சபைக்கு வர வேண்டாம். காய்ச்சல்னு சொல்லிக்கிடலாம்."

பொண்ணுக்கு வாப்பாதான் சபையில உக்காந்து, மாப்பிள்ளை கையைப் பிடிச்சு, என் மகளை உனக்கு நிக்காஹ் செஞ்சு தாரேன்னு சொல்லணும். கிதிரு பதினெட்டு வருஷமா அந்த ஒரு நாளைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தவன். பட்டணத்துல இருந்து கோட்டுத் துணி வாங்கி எங்கிட்டத் தைக்கக் குடுத்திருந்தான்.

"சரி"ன்னான்.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க ஒண்ணுமில்லை சம்மந்தி. சரி."

திரும்பி வாரப்போ பஸ்ல நான் அவன் பக்கமே பாக்கலை.

ஆவணியில நிக்காஹ். கிதிரு வீட்டுத் தெருவுலதான் பந்தல். மைக்செட்டு கட்டியிருந்தாங்க. வந்த எல்லாருட்டயும் மசூது, "அண்ணனுக்குக் கடுங்காய்ச்சல், எந்திரிக்க முடியலை"ன்னு சொல்லிக்கிட்டு இருந்தான். சேஷன் வந்திருந்தான். சேக் மைதீன் அவனை முன்வரிசையில உக்கார வச்சிருந்தாரு. சேஷன் உள்ள வந்து கிதிரைப் பாத்து, நெத்தியில கையை வச்சுட்டுப் போனான். நான் பக்கத்துலதான் நின்னேன். எங்கிட்டப் பேசலை. அன்னைக்கு ஆனைக்கசத்துல பேசினதோட சரி. இந்த அஞ்சு வருஷமா பேசலை.

கிதிரை வீட்டுக்குப் பின்னால தறிக்கூடத்துல இருக்க வச்சிருந்தாங்க. கல்யாணத்துக்காகத் தறியெல்லாம் நிறுத்தியிருந்துச்சு. தறிக்குழி மேல பலகை போட்டு, பாய் விரிச்சு, அதுல உக்காந்திருந்தான். கோட்டை மடிச்சு மடியில வச்சிருந்தான். ஷமீம் பானு கல்யாணச் சேலையோட வந்து அவன் காலடியில உக்காந்து அழுதா. "அழாதட்டி, மையெல்லாம் கலைஞ்சு போகும்"னு அவன் அவளைத் தூக்கி அனுப்பினான். நல்லாத்தான் பேசினான்.

அவ போன பெறவு எங்கிட்டச் சொன்னான்: "வல்லி, இன்னைக்குக் காலையில நான் ரெண்டு மாத்திரை போட்டேன். வீட்டுக்குள்ள வச்சுக் கூட எதும் வந்துரக்கூடாதுன்னு. கண்ணைச் சொக்குது. நான் கொஞ்சம் சாய்ஞ்சுக்கிடுதேன். மைக்குல ஆலிம்சா ஓத ஆரம்பிச்சதும் என்னைத் தட்டி எழுப்பிரு. காதாலயாவது கேக்கணும்லே."

"எழுப்புதேன். படு."

பாயில சாய்ஞ்சவன் அப்படியே தூங்கிட்டான். பந்தல்ல இருந்து சத்தம் வந்துக்கிட்டே இருக்கு. பின்பக்கம் நெய்ச்சோறு எறக்குதாங்க. மசூதும் ரெண்டு சாட்சியும் பொண்ணுட்டச் சம்மதம் கேக்க உள்ள போயிட்டு வந்தாங்க. பெறவு மைக்கு கரகரன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. ஆலிம்சா நிக்காஹ் குத்பா ஓத ஆரம்பிச்சாரு.

நான் அவன் தோளைத் தொட்டேன். "கிதிரு"ன்னேன். அசையலை. கொஞ்சம் பலமா உலுக்கினேன். கை லேசா ஒரு தடவை துடிச்சுது. அதைப் பாத்ததும் எனக்கு உசுரே போயிட்டு. திடீர்னு எழுப்பினா வந்துருமோ, வந்தா நான் தனியா என்ன செய்வேன், சத்தம் கேட்டுப் பந்தல்ல இருந்து ஆளு ஓடி வந்துட்டா எல்லாம் போச்சேன்னு தோணுச்சு. துடிச்சது சும்மா தூக்கத்துல துடிச்சது. இப்பத் தெரியுது. அப்போ தெரியலை. நான் கையை எடுத்துட்டேன்.

மைக்குல மசூது குரல் கேட்டுது. என் அண்ணன் கிதிர் முகம்மதுடைய மகள் ஷமீம் பானுவைன்னு ஆரம்பிச்சு, தடுமாறாமச் சொல்லி முடிச்சான். மாப்பிள்ளை ஏத்துக்கிட்டேன்னு சொன்னான். துஆ ஓதினாங்க. ஆமீன் ஆமீன்னு தெரு பூரா சத்தம். கிதிரு வாயை லேசாத் தொறந்துக்கிட்டுத் தூங்குதான். நான் அவன் தலைமாட்டுல உக்காந்து எல்லாத்தையும் கேட்டேன்.

முடிஞ்சு அரை மணி நேரம் இருக்கும். யாரோ தட்டுல பேரீச்சம்பழமும் கல்கண்டும் கொண்டு வந்து வச்சுட்டுப் போனாங்க. அந்தத் தட்டுச் சத்தத்துலதான் முழிச்சான். எந்திரிச்சு உக்காந்து கண்ணைக் கசக்கினான்.

"ஆரம்பிச்சுட்டாங்களா?"

இன்னும் இல்லைன்னு சொல்ல முடியாது, தட்டு எதிர்க்க இருக்கு. "முடிஞ்சுட்டு"ன்னேன்.

அவன் தட்டையே பாத்தான். "நல்லபடியாவா?"

"நல்லபடியா. மசூது உன் பேரைச் சொல்லித்தான் குடுத்தான்."

"நீ ஏம்லே எழுப்பலை?"

"தொட்டேன். உன் கை துடிச்சுது. பயந்துட்டேன்."

வேற எதாவது சொல்லுவான்னு நெனச்சேன். அவன் மடியில இருந்து வழுக்கிப் பாய்ல கெடந்த கோட்டை எடுத்து ஆணியில மாட்டினான். பெறவு குழித்தறிப் பலகையில மறுபடி உக்காந்து, தட்டை என் பக்கமாத் தள்ளினான்.

"தின்னு. ஏழு மணியில இருந்து பட்டினியா கெடக்கே."